குவார்ட்டர்பேக்: இடப்பெயரா, தொழிற்பெயரா?

அமெரிக்கக் காற்பந்தில் தாக்கும் அணியின் பதினொருவருள், ஒவ்வொரு நகர்வின் தொடக்கத்திலும் பந்தைக் கையில் வாங்கி, அதைத் தொலைவில் இருப்பவருக்கு எறிவதா, அருகில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தாமே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவரே குவார்ட்டர்பேக். என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித்தொடரில் 32 அணிகள் உள்ளன. 2021 முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. இந்த வாரம் வெல்வது யார் என்று வாதிடும் ரசிகர், அட்டவணையில் எதிரணி எது, ஓய்வு வாரம் எப்போது என்று பார்ப்பதற்கு முன்பே, குவார்ட்டர்பேக்கின் பெயர் காயப் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் தேடுவார். பந்தயத்திலும் இதே நிலைதான். வலுவான அணி இத்தனை புள்ளிகளுக்கு மேல் வென்றால்தான் அதன்மீது கட்டிய பணம் வெல்லும் என்று பந்தய நிறுவனங்கள் ஒரு வித்தியாசத்தை முன்கூட்டியே குறிக்கின்றன. புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் ஒருவர் ஆடமாட்டார் என்ற செய்தி வந்தவுடன் அந்த எண் சில புள்ளிகள் நகர்ந்துவிடுகிறது. வேறு எந்த நிலையில் ஆடுபவர் விலகினாலும் அது அவ்வளவு அசைவதில்லை.

இவ்வளவு முதன்மை வாய்ந்தவருக்கு ‘காற்பங்கு’ என்று பொருள்படும் பெயர் வந்தது ஏன் என்பதே சொல்லின் கதை. இந்த ஆட்டம் ரக்பியிலிருந்து கிளைத்தது. ரக்பியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களை, அதாவது ‘பேக்’குகளை, எவ்வளவு பின்னே நிற்கிறார்கள் என்பதைக் கொண்டு பெயரிட்டனர். மிக அருகில் நிற்பவர் குவார்ட்டர், அடுத்தவர் ஹாஃப், அதற்கும் பின்னே திரீ-குவார்ட்டர், கடைசியில் காவலாக நிற்பவர் ஃபுல். தமிழர் இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. கால், அரை, முக்கால், முழுது என்ற நம் பின்ன வரிசை அப்படியே இதில் அமர்ந்துகொள்கிறது.

1880ஆம் ஆண்டு, யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் முன்மொழிந்த விதிமாற்றங்களின்படி அணிக்குப் பதினைந்து பேர் என்பது பதினொருவராகக் குறைந்தது. இரு அணிகளும் பந்துக்கு முண்டியடிப்பதற்கு மாறாக, ஒருவர் காலால் அதைப் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும் முறை வந்தது. அவ்வாறு வரும் பந்தை முதலில் பெறுபவரே குவார்ட்டர்பேக் என்று அந்த விதி வரையறுத்ததோடு, அவர் பந்துடன் முன்னோக்கி ஓடக் கூடாது என்றும் தடுத்தது. அதாவது அன்றைய குவார்ட்டர்பேக் வெறும் கைமாற்றுக்காரர். முன்னோக்கி எறிவது 1906இல்தான் விதிகளில் அனுமதிக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் ஆட்டக்களத்தில் நேர்ந்த உயிரிழப்புகளும், அதிபர் தியோடர் ரூசவெல்ட் கல்லூரிப் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியதும் அதற்குப் பின்னணி. அதன் பிறகும் பல பத்தாண்டுகள், பரவலாக இருந்த ஓர் அணிவகுப்பில் (ஆட்டக்காரர்கள் நிற்கும் அமைப்பில்) பந்தை எறியும் பொறுப்பு வேறொருவரிடம் இருந்தது. குவார்ட்டர்பேக் என்ற பெயர் தாங்கியவர் எதிரிகளை மறித்து நிற்கும் வேலையையே பெரிதும் செய்தார். 1940 டிசம்பரில் நடந்த என்.எஃப்.எல். இறுதி ஆட்டத்தில், சிட் லக்மனைக் குவார்ட்டர்பேக்காகக் கொண்ட சிக்காகோ பேர்ஸ் அணி வாஷிங்டனை 73–0 என்று நொறுக்கியபோது, அந்த அணி கையாண்ட, ஆங்கில T எழுத்தின் வடிவிலான ‘டி’ அணிவகுப்பும் அதன் மையத்தில் நின்ற குவார்ட்டர்பேக்கும் எல்லோர் கண்ணிலும் பட்டனர். இன்று நாம் காணும் பொறுப்பு இப்படி மெல்லத் திரண்டதே தவிர, பெயரோடு பிறந்ததன்று.

பெயர் சுட்டிய இடமும் இப்போது நிலையாக இல்லை. பல நகர்வுகளில் குவார்ட்டர்பேக் ஐந்து கஜம் அளவுக்குப் பின்வாங்கி, ஓட்டக்காரருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். வேறொரு புகழ்பெற்ற அணிவகுப்பில், ‘முழுது’ எனப்படும் ஃபுல்பேக், ஹாஃப்பேக்கின் மரபில் வந்த ஓட்டக்காரருக்கு முன்னால் நிற்கிறார். பின்னக் கணக்கு தலைகீழாகிவிட்டது. பெயர் மட்டும் நீடிக்கிறது.

ஆகவே குவார்ட்டர்பேக்குக்குத் தமிழில் ஒரு சொல் தேடும்போது, ‘காற்பின்னர்’ போன்ற சொல்லுக்குச் சொல்லான ஆக்கம் பயன்படாது. காற்பந்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் ‘கால்’ எவருக்கும் உறுப்பையே நினைவூட்டும். குவார்ட்டர் என்று அப்படியே எழுதினாலோ, தமிழ்நாட்டு வாசகர் சிலருக்கு 180 மில்லிலிட்டர் புட்டி ஒன்று கண்முன் வரக்கூடும். அணித்தலைவர் என்பதும் பொருந்தாது. அணித்தலைவர் என்ற பொறுப்பு தனியே உண்டு, அது தற்காப்பு வீரருக்கும் கிடைக்கலாம். பந்தெறிபவர் என்றால் கிரிக்கெட் பந்துவீச்சாளர் குறுக்கே வருவார். மேலும் அது பாதி வேலையை மட்டுமே சொல்கிறது.

என் தேர்வு ‘ஏவுநர்’. ஏவுதல் என்ற வினைக்குக் கட்டளையிடுதல், செலுத்துதல் என்ற இரு பொருள்களும் உண்டு. ஏவல் வினைமுற்றில் முதலாவது, ஏவுகணையில் இரண்டாவது. குவார்ட்டர்பேக் செய்வதும் இவ்விரண்டுமே: எதிரணி நிற்கும் நிலையைக் கண்டு திட்டத்தை மாற்றிக் குரல் கொடுக்கிறார், பிறகு பந்தைச் செலுத்துகிறார். ‘ஏவலர்’ என்று எழுதிவிடலாகாது. அது பணியாளரைக் குறிக்கும், பொருள் நேர் எதிராகிவிடும். முதல்நிலை ஏவுநர், மாற்று ஏவுநர் என்று தொடர்களும் இடரின்றி அமைகின்றன. கட்டுரையில் முதன்முறை வரும்போது குவார்ட்டர்பேக் எனப்படும் ஏவுநர் என்று எழுதி, பிறகு ஏவுநர் என்றே தொடர்வது நன்று. ரசிகர் உரையாடலைப் பதிவு செய்யும்போது மட்டும் ஒலிபெயர்ப்பை அப்படியே விடலாம்.

இச்சொல்லிலிருந்து கிளைத்து ஆட்டத்துக்கு வெளியேயும் போன தொடர் ஒன்று உண்டு: ‘திங்கட்கிழமைக் காலைக் குவார்ட்டர்பேக்’. வார இறுதி ஆட்டம் முடிந்தபின், அந்த எறிதலை எறிந்திருக்கக் கூடாது, இந்தப் பந்தயத்தைக் கட்டியிருக்கக் கூடாது என்று விளக்குபவரை அது கிண்டல் செய்கிறது. இங்கே ஏவுநரைக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. பின்புத்திக்காரர் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.