பெருமையா, பெருமிதமா? ‘ப்ரைடு’க்குக் குமரியில் ஒரு தமிழ்

போன ஜூனில் மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி ஒருவன் ஓர் அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பி, தமிழ் சரியா என்று பார்த்துத் தரச் சொன்னான். நாகர்கோவிலில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. பதினைந்து இருபது பேர். கொஞ்சம் கவிதை வாசிப்பு, வில்லுப்பாட்டு தெரிந்த ஒருவரின் பாட்டு, அப்புறம் வெள்ளைத் துணியில் ஒரு குறும்படம். வருகிறவர்கள் தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும், அவர்களுடைய சிநேகிதர்களும். அழைப்பிதழின் மேலே வானவில் பட்டைக்குள் எழுதியிருந்தது: ‘பெருமை மாத விழா’. இவர்கள் ஜூனில் கொண்டாடும் ‘ப்ரைடு’ மாதத்தை அப்படியே தமிழாக்கியிருந்தான்.

எனக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டவர் அவனுடைய பெரியம்மா. போனை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். வானவில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எதுக்கு மக்கா பெருமை? பெருமையுள்ளவங்களுக்கு தேவன் எதிர்த்து நிக்கிறாருன்னு வேதத்துல இருக்குல்லா?” என்றாராம்.

பெரியம்மா சொன்னது மொழிபெயர்ப்பாளர் யாரும் யோசிக்காத விஷயம். மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக இருக்கும் மாவட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ‘பெருமை’ என்றால் அது பாவத்தின் பெயர். தலையான பாவங்கள் ஏழு என்று ஞான உபதேசத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைகளைக் கேளுங்கள், அகங்காரத்தில்தான் தொடங்குவார்கள். நீதிமொழிகளிலும் ‘அழிவுக்கு முன்னானது அகந்தை’. இப்படிக் கேட்டு வளர்ந்த காதில் ‘பெருமை மாதம்’ என்றால், ஒரு மாதம் முழுக்கத் திமிராக நடந்துகொள்ளப் போகிறார்கள் என்றுதானே விழும்?

ஆங்கிலச் சொல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. ‘ப்ரைடு’ பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதன் வேர் பழைய பிரெஞ்சின் ‘ப்ருட்’, பொருள் வீரமுள்ள, தகுதியுள்ள. அதற்கும் பின்னால் லத்தீன், அங்கே பொருள் பயன்படுவது. அப்படியானால் ஆணவம் என்ற பொருள் எங்கிருந்து ஒட்டியது? நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த பிரெஞ்சுக் குதிரை வீரர்கள் தங்களை ‘ப்ருட்’ என்று சொல்லிக்கொண்டார்கள், பார்த்த உள்ளூர்க்காரர்களுக்கு அது வீரமாகத் தெரியவில்லை, திமிராகத் தெரிந்தது என்று ஓர் ஊகம் இருக்கிறது. நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குப் பிடித்த ஊகம். சொல்பவன் வாயில் வீரம், கேட்பவன் காதில் திமிர். பெரியம்மா கதையும் அதுதானே.

அந்தச் சொல் ஊர்வலத்தின் பெயரானது 1970இல். அதற்கு முந்தைய ஆண்டு, 1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கில் தன்பாலீர்ப்புள்ளவர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்தது. எப்போதும் தலைகுனிந்து வண்டியில் ஏறுகிறவர்கள் அன்று திருப்பி நின்றார்கள். ஓராண்டு கழித்து அதே நாளில் நடந்த ஊர்வலத்துக்கு வைத்த பெயரில் விடுதலைதான் இருந்தது, ‘கிறிஸ்டோபர் தெரு விடுதலை நாள்’. அந்த வார நிகழ்ச்சிகளுக்கு ஒரு பொதுப்பெயர் தேடியபோதுதான் ‘ப்ரைடு’ வந்தது. அதைச் சொன்ன கிரெய்க் ஷூன்மேக்கர் பிற்காலத்தில் காரணமும் சொல்லியிருக்கிறார்: அதிகாரம் எங்களுக்குக் கிடைக்கிற மாதிரி இல்லை, தன்னைப் பற்றிய மதிப்பை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா என்று. வானவில் கொடி வந்தது இன்னும் பிந்தி, 1978இல். கில்பர்ட் பேக்கர் செய்த முதல் கொடியில் எட்டு நிறம், இன்று பரவலாகப் பார்ப்பது ஆறு.

ஆக, இந்த ‘ப்ரைடு’க்கு எதிர்ச்சொல் பணிவு இல்லை, வெட்கம். விளவங்கோடு பக்கம் மலையாளம் கலந்த வாய்க்கு அது ‘நாணக்கேடு’. குடும்பத்துக்கு நாணக்கேடு, தெருவுக்கு நாணக்கேடு என்று சொல்லிச் சொல்லி ஒருவனைக் குனிய வைத்தால், அவன் ஒருநாள் நிமிர்வதற்கு என்ன பெயரோ அதுதான் நாம் தேடும் சொல். அதற்குப் ‘பெருமை’ போதாது. என்னைக் கேட்டால் ‘பெருமிதம்’.

இந்தச் சொல்லை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்வு உடம்பில் தெரியும் வகைகளை, ஒரே மூச்சில் சொல்லும்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மூன்றாவதைப் பாருங்கள், இளிவரல். இழிவு, சிறுமைப்படுதல். ஆறாவது பெருமிதம். இடையில் அச்சம் வேறு உட்கார்ந்திருக்கிறது! பெருமிதம் எதனால் பிறக்கும் என்பதற்கும் நூற்பா உண்டு:

கல்வி தறுகண் இசைமை கொடையெனச்
சொல்லப் பட்ட பெருமிதம் நான்கே

தறுகண் என்றால் அஞ்சாமை. உரைகாரர்கள் பெருமிதத்துக்கு வீரம் என்றே பொருள் சொல்கிறார்கள். பழைய பிரெஞ்சு ‘ப்ருட்’டும் வீரம், நம் பெருமிதமும் வீரம். இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது, கண்டிப்பாகக் கிடையாது, ஒலியை வைத்து முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் பொருள் இவ்வளவு பொருந்தி வருவது எப்போதாவதுதான் நடக்கும்.

குமரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு சொந்தமும் இருக்கிறது. பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியது என்று பனம்பாரனார் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு குழித்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம அதங்கோடுதான் என்பது ஊர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. தம்பியின் வீட்டிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம். ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று யாராவது முகம் சுளித்தால், சொல்லுக்கு அதங்கோட்டு முகவரி கொடுக்கலாம்.

ஒரு சங்கடத்தை மறைக்கக் கூடாது. முக்கடல் முனையில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவர் இந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் கையாள்கிறார். ‘செருக்கும் சினமும் சிறுமையும் இல்லார் பெருக்கம் பெருமித நீர்த்து’ என்னும்போது அது மேன்மை. ‘பெருமை பெருமிதம் இன்மை சிறுமை பெருமிதம் ஊர்ந்து விடல்’ என்னும்போது அது செருக்கு. இரண்டாவது குறளைப் பிடித்துக்கொண்டு வம்புக்கு வருகிறவர்கள் வருவார்கள். பதில் இருக்கிறது: அதே குறளில் நல்ல பொருளில் வரும் சொல் ‘பெருமை’, அதைத்தான் பெரியம்மாவின் வேதாகமம் பாவமாக வைத்திருக்கிறது. சொல்லுக்கு நிரந்தரக் குணம் கிடையாது. இன்றைய தமிழில் ‘பெருமிதத்தோடு சொல்கிறேன்’ என்றால் யாரும் திமிர் என்று எடுத்துக்கொள்வதில்லை, அது போதும்.

சரி, உணர்வுக்குப் பெருமிதம். ஊர்வலத்துக்கு? இங்கே தமிழ்நாடு தனக்கென்று ஒரு வழி பிடித்தது. இந்தியாவில் முதல் ஊர்வலம் 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில், பதினைந்து பேர் நடந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நட்பு நடை’. ப்ரைடு என்று சொல்லவே இல்லை. சென்னையில் 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் நடந்தார்கள். நான்கே நாளில், ஜூலை 2ஆம் தேதி, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவின் பல்லை டெல்லி உயர்நீதிமன்றம் பிடுங்கியது. 2013இல் உச்சநீதிமன்றம் அதைத் திருப்பி ஒட்டவைத்து, 2018 செப்டம்பர் 6 அன்று மறுபடி பிடுங்கியது தனிக்கதை. சென்னை ஊர்வலத்துக்குத் தமிழில் நிலைத்த பெயர் ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’. எனக்கு இது மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு. அகராதியைப் பார்த்துச் செய்ததாக இருக்க முடியாது, தெருவைப் பார்த்துச் செய்தது. 1925இல் தொடங்கிய இயக்கத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது. சுயமரியாதைத் திருமணம் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்கவும் வேண்டாம். தனித்தமிழ் அன்பர்கள் ‘சுயம்’, ‘மரியாதை’ இரண்டும் வடசொல் என்பார்கள். உண்மைதான், ‘தன்மதிப்பு’ என்று எழுதலாம். ஆனால் தன்மதிப்பு அறைக்குள் இருப்பது போலவும் சுயமரியாதை ரோட்டில் இறங்கி நடப்பது போலவும் எனக்குத் தோன்றுகிறது. பேரணிக்கு ரோடு வேண்டுமே.

குமரியில் இந்தப் பொருளுக்குச் சென்னையைவிட வயது அதிகம். மாராப்புப் போடும் உரிமைக்காகப் பெண்கள் பல்லாண்டு அடிபட்ட மண் இது. 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது, அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்கு முன்பே அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்றும் அவருடைய பதியான சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பா கட்டித்தான் உள்ளே போகிறார்கள். கருவறை போன்ற பள்ளியறையில் கண்ணாடி இருக்கும். தலைப்பாவோடு நிற்கும் உன்னையே நீ பார்ப்பாய். ‘ப்ரைடு’ என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. அய்யாவழி இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது என்று நான் பேச வரவில்லை, சொல்லைப் பற்றித்தான் பேச்சு.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் வேறு சிக்கல். மலையாளத்தில் ‘ப்ரைடு’க்கு ‘அபிமானம்’ என்பார்கள். தமிழில் அபிமானம் என்றால் சினிமா நடிகர்மேல் வைப்பது. 1956 நவம்பர் 1இல் போட்ட மாநில எல்லை இப்படி ஒரு சொல்லின் நடுவிலும் ஓடுகிறது. வானவில் மட்டும் தப்பித்தது, அங்கே அது மழவில்லு, யாருக்கும் புரியும். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஓர் இரவு ரயில் பயணம், திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம். அதனால் நம் பிள்ளைகள் பலருக்குப் படவிழா, பேரணி எல்லாம் முதலில் மலையாளத்தில்தான் அறிமுகமாகின்றன. கேரளத்தில் 2010 முதல் ஊர் மாற்றி ஊர் பேரணி நடக்கிறது.

அழைப்பிதழில் வேறு சொற்களும் இருந்தன, அவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்பதை அடித்துவிட்டேன். மனிதனைப் படுக்கையாகச் சுருக்கும் சொல் அது. தன்பாலீர்ப்பு, தற்பாலீர்ப்பு இரண்டில் எதையும் எழுதலாம். பால், ஈர்ப்பு பற்றிய வழக்கமான வரையறைக்குள் அடங்காத எல்லோரையும் குறிக்கும் ‘க்வியர்’ என்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் ‘பால்புதுமையர்’ இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி வந்த பட்டியல் அது, சொல்லும் நன்றாக இருக்கிறது. ‘நங்கை, நம்பி, ஈரர், திருனர்’ என்றொரு அழகான வரிசை ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு, தன்பாலீர்ப்புள்ள ஆணுக்கு அதில் நம்பி. ஆனால் திருக்குறுங்குடி நம்பியைக் கும்பிட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் ஊர்களுக்குப் பக்கத்தில் ‘நம்பிகளே வருக’ என்று போட்டால், தெருவில் உள்ள நம்பி அண்ணன்கள் எல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதை எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

கடைசியில் மேல்வரி ‘வானவில் கூடுகை’ ஆனது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பெருமிதத்தோடு அழைக்கிறோம்’. பதினைந்து பேர் மாடியில் உட்காருவதற்குப் பேரணி என்று போட முடியாது. ‘விழா’ என்றால் மைக்செட் வைப்பார்களா என்று வீட்டுக்கார நண்பருக்கே பயம்.

தம்பி திருத்தியதைப் பெரியம்மாவிடம் காட்டியிருக்கிறான். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இந்த முறையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். எங்கள் பக்கம் ஜெபத்துக்குச் சேர்வதையும் கூடுகை என்பார்கள், அந்தச் சொல்லில் அவர் தடுக்கவில்லை. பெருமிதத்தில் கொஞ்சம் நின்றார். “மிதம்னா அளவா இருக்கதுல்லா? அளவா இருந்தா சரி” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாராம். சொல்லாராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது, நான் திருத்தப் போவதில்லை. அன்று சாயங்காலம் மாடிக்கு ஒரு சீப்பு மட்டிப்பழமும் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸும் வந்து சேர்ந்தன.