டைப் 1 சர்க்கரை நோயோடு விடுதிக்குப் போகும்முன் முடிக்க வேண்டிய வேலைகள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பக்கெட், மெத்தை, பூட்டு என்று பட்டியல் தயாராகிவிடும். டைப் 1 (உடம்பு தானாக இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசியாகப் போட வேண்டிய சர்க்கரை நோய்) உள்ள பிள்ளை என்றால் இன்சுலின், ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்டிரிப் எல்லாம் அதில் சேரும். பொருட்களில் பெரும்பாலும் குறை இருக்காது. இடறுவது வேறிடத்தில்: வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்காக அமைத்த இன்சுலின் முறையை அப்படியே விடுதிக்குக் கொண்டுபோவதில்.

காலையும் இரவும் மட்டும் போடும் 30/70 கலவை இன்சுலினை எடுத்துக்கொள்வோம். அதில் 30 பங்கு விரைவில் வேலை தொடங்கும் ரெகுலர். 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் என்பிஎச். காலை ஏழரைக்குப் போட்டால் அந்த 70 பங்கின் வேகம் நண்பகலை ஒட்டி ஏறத் தொடங்கும். வீட்டில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்துவிடுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது. கல்லூரியில் லேப் ஒன்றரை வரை இழுக்கும். மெஸ் வரிசை இன்னும் இருபது நிமிடம். இன்சுலின் காத்திருக்காது. இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்; இதுதான் லோ சுகர். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு பிள்ளை உட்கார்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாலும் அன்றைய கணக்கு முழுக்கக் குலைந்துவிடும்.

அதனால், விடுதிக்குப் போகும் பிள்ளைக்குக் கலவை இன்சுலின் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. நாளுக்கு ஒரு முறை போடும் நீண்டநேர இன்சுலினும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் தனியாகப் போடும் குறுகியநேர இன்சுலினும் கொண்ட முறைதான் சரிவரும். குத்துவது நான்காகக் கூடும், உண்மைதான். ஆனால் சாப்பாடு தள்ளிப்போனால் அந்த வேளை ஊசியையும் தள்ளிப்போடலாம். விலையுயர்ந்த பேனா இன்சுலின்தான் வேண்டும் என்றும் இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் ரெகுலரையும் என்பிஎச்சையும் வைத்தே, மூன்று வேளை ரெகுலர், படுக்கும்போது என்பிஎச் என்று மருத்துவர் அமைத்துத் தர முடியும். இந்த மாற்றத்தைக் கல்லூரி திறக்கும் வாரத்தில் செய்யாதீர்கள். பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே தொடங்கினால் அளவுகள் படிய இரண்டு மாதமாவது கிடைக்கும்.

அந்த இரண்டு மாதத்தில் இன்னொரு கைமாற்றமும் நடக்க வேண்டும். பதினேழு வயது வரை பிள்ளை செய்தது ஊசி குத்திக்கொண்டது மட்டுமாக இருக்கலாம். குப்பி தீரப்போகிறது என்று கவனித்ததும், ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும், "இன்னைக்கு விளையாடப் போறே, ரெண்டு யூனிட் குறைச்சுப் போடு" என்று சொன்னதும் அம்மாதான். விடுதியில் அந்த வேலைகளுக்கு ஆள் இல்லை. மே மாதத்தில் ஒரு வாரம் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். அம்மா எதையும் நினைவூட்டக் கூடாது. மருந்துக் கடைக்குப் போவது, அளவைத் தீர்மானிப்பது, இரவுப் பரிசோதனைக்கு அலாரம் வைத்து எழுவது எல்லாம் பிள்ளையே செய்ய வேண்டும். பெற்றோருக்குத்தான் இது கஷ்டமாக இருக்கும். லோ சுகர் வந்தால் மட்டும் குறுக்கே வரலாம்.

மெஸ் சாப்பாடு

சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்தை வைத்துத்தான் அந்த வேளை இன்சுலின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். வீட்டுக் கரண்டி வேறு, மெஸ் குழிக்கரண்டி வேறு. சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கும். முதல் வாரத்தில் ஒரு சின்ன சமையலறைத் தராசைக் கொண்டுபோய், மெஸ்ஸில் ஒரு கரண்டி சோறு எத்தனை கிராம் வருகிறது என்று ஒரே ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். ஒரு கரண்டி 150 கிராம் என்றால் மாவுச்சத்து 42 கிராம். அதன்பிறகு கரண்டிக் கணக்கே போதும். இட்லியையும் அப்படியே நிறுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர், மெஸ்ஸுக்கு மெஸ் அளவு மாறும் பண்டம் அது.

ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பும், அதிவேக வகைகளை 10 முதல் 15 நிமிடம் முன்பும் போடச் சொல்வது வழக்கம். மெஸ்ஸில் அதை அப்படியே பின்பற்றினால் வம்பு. அறையில் போட்டுக்கொண்டு இறங்கினால் "தம்பி, சாதம் வடிச்சுட்டு இருக்கு, பத்து நிமிஷம்" என்பார் மெஸ் அண்ணன். அந்தப் பத்து நிமிடம் அரை மணியாகும். ரெகுலர் போடுபவர்கள் முதலில் மெஸ்ஸை எட்டிப் பார்த்து, சாப்பாடு தயார் என்று தெரிந்தபின் போடட்டும். அதிவேக வகை போடுபவர்கள் தட்டு கைக்கு வந்தபின் போட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

பிரியாணி, பரோட்டா நாட்களில் ஒரு சூட்சுமம் உண்டு. கொழுப்பு அதிகமானால் செரிமானம் மெதுவாகும். சர்க்கரை மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஏறும். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் நன்றாக இருக்கும், படுக்கும்போது 280 காட்டும். பதறிப்போய் ஒரு திருத்த ஊசி (ஏறிய சர்க்கரையை இறக்கப் போடும் கூடுதல் இன்சுலின்), ஒரு மணி நேரத்தில் இன்னொன்று என்று போடுவதுதான் அதிகாலை லோ சுகருக்கு வழி. அதிவேக இன்சுலினே சுமார் நான்கு மணி நேரம் உடம்பில் வேலை செய்கிறது. முதல் ஊசி முடியும்முன் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

இன்சுலினை எங்கே வைப்பது

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதை 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் 28 நாள் வரை வைக்கலாம். சிலவகைகளுக்கு நாள் கணக்கு மாறும், பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். திறந்த தேதியைக் குப்பியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

வார்டன் அறை ஃப்ரிட்ஜோ மெஸ் ஃப்ரிட்ஜோதான் பெரும்பாலும் கிடைக்கும். பெயர் எழுதிய மூடியுள்ள டப்பாவில், ஃப்ரீசரைத் தொடாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். உதவி செய்வதாக நினைத்து யாராவது "மருந்தாச்சே" என்று ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுவதும் நடக்கும். ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகும் உதவாது. மொத்த இருப்பையும் ஒரே ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நீண்ட விடுமுறைக்கு விடுதியைப் பூட்டினால் வார்டன் அறையும் பூட்டிக்கிடக்கும்.

ஃப்ரிட்ஜே இல்லாவிட்டால் இரட்டை மண்பானை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையே மணல், மணலில் தினமும் தண்ணீர், மேலே ஈரத்துணி. இன்சுலினை நீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வைக்க வேண்டும். காற்றோட்டமுள்ள நிழலில், வறண்ட காற்று வீசும் ஊர்களில் நன்றாகக் குளிரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற புழுக்கமான கடலோர ஊர்களில் தண்ணீர் ஆவியாவதே குறைவு என்பதால் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

வெயிலில் கெட்ட இன்சுலின் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கலாம். சாப்பாடும் அளவும் மாறாமல் சர்க்கரை திடீரென ஏறி, இறங்க மறுத்தால் முதலில் குப்பியை மாற்றிப் பாருங்கள். என்பிஎச்சும் கலவை இன்சுலினும் உருட்டினால் ஒரே சீரான பால்போல இருக்க வேண்டும். கட்டி கட்டியாக மிதந்தால் தூக்கிப்போடுங்கள். ரெகுலர் தண்ணீர்போலத் தெளிவாக இருப்பதே சரி.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100-க்கு. பேனா உடைந்த இரவில், பக்கத்து அறையிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சு வாங்கி, கார்ட்ரிட்ஜிலிருந்து 10 கோடு வரை உறிஞ்சினால் உடம்புக்குள் போவது 25 யூனிட். தலைகீழாக, 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு போட்டால் 10 கோட்டில் 4 யூனிட்தான் போகும். மூடி நிறத்தையும் குப்பியில் உள்ள எண்ணையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றின் பேனாவில் பொருந்தாது என்பதால் மாற்றுப் பேனா ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும்.

அறைத் தோழர்களிடம் சொல்வது

மறைத்தே சமாளித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கல்யாணப் பேச்சு வரை யோசித்து, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அனுப்பும் பெற்றோரும் உண்டு. ராத்திரி மூன்று மணிக்குச் சர்க்கரை 45-க்கு இறங்கினால் அந்த அறையில் இருப்பது அறைத் தோழர்கள் மட்டும்தான். குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். நீளமான விளக்கம் தேவையில்லை. இப்படிச் சொன்னால் போதும்:

"மச்சி, எனக்கு டைப் 1 சுகர். இன்சுலின் போடுவேன். திடீர்னு வேர்த்துக் கொட்டினாலோ, சம்பந்தமில்லாம பேசினாலோ, காரணமே இல்லாம கோபப்பட்டாலோ சுகர் இறங்குதுன்னு அர்த்தம். இந்த நீல டப்பால குளுக்கோஸ் இருக்கு, நான் வேண்டாம்னு சொன்னாலும் குடிக்க வை. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதே. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-க்குப் போன் பண்ணு."

கடைசி இரண்டு வரிகளை இரண்டு தடவை சொல்லுங்கள். மயங்கியவர் வாயில் ஊற்றும் சீனித் தண்ணீர் நுரையீரலுக்குள் போகக்கூடும். மயக்கத்தில் போடும், சர்க்கரையை ஏற்றும் குளுககான் ஊசி கிடைத்து, வாங்கவும் முடிந்தால் அதைப் போடும் விதத்தையும் தோழர்களுக்குக் காட்டிக்கொடுங்கள்.

நினைவோடு இருக்கும்போது கணக்கு எளிது: 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளோ சீனியோ தண்ணீரில் கலந்து, அல்லது 150 மில்லி சாதாரண குளிர்பானம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் அதையே திரும்பச் செய்யுங்கள். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பதற்றத்தில் நண்பர் ஓடிப்போய் 'ஜீரோ சுகர்' குளிர்பானம் வாங்கிவருவதும் உண்டு. "இதுதானே சுகர்காரங்களுக்கு நல்லது" என்று நினைத்திருப்பார், பாவம். பையில், கட்டில் பக்கத்தில், லேப் கோட் பாக்கெட்டில் என்று குளுக்கோஸ் மூன்று இடத்தில் இருக்கட்டும்.

வார்டன், வகுப்பு ஆசிரியர், லேப் பொறுப்பாளர், பி.டி. சார் ஆகியோருக்கு மருத்துவர் கடிதத்தின் நகல் கொடுத்துவிடுங்கள். அமிலக் குடுவை கையில் இருக்கும்போது நடுக்கம் வந்தால் உட்கார அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

காய்ச்சல், வாந்தி

விடுதியில் பிள்ளைகள் உயிராபத்து வரை போவது பெரும்பாலும் இதில்தான். வயிறு சரியில்லை, சாப்பிடவில்லை, "சாப்பிடாம எதுக்கு ஊசி" என்று இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் தேவை கூடுமே தவிரக் குறையாது. இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலத்தைச் சேர்க்கும். அந்த அமிலமே வாந்தியையும் வயிற்றுவலியையும் கொண்டுவரும். பக்கத்து கிளினிக்கில் ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அசிடிட்டி ஊசியும் குளுக்கோஸ் டிரிப்பும் போட்டு அனுப்பினால் நிலைமை மோசமாகும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியம் இதுவாகட்டும்: "எனக்கு டைப் 1, சுகரும் கீட்டோனும் பாருங்க டாக்டர்." அலர்ஜிக்கோ வீசிங்குக்கோ போடும் ஊசியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் சர்க்கரை எகிறும்.

நீண்டநேர இன்சுலினை எந்தக் காய்ச்சலிலும் நிறுத்தக் கூடாது. இரண்டு முதல் நான்கு மணிக்கொரு முறை சர்க்கரை பாருங்கள். 250-ஐத் தாண்டி நின்றாலோ, வாந்தி இருந்தாலோ சிறுநீர்க் கீட்டோன் ஸ்டிரிப்பில் பாருங்கள். உப்புக் கஞ்சி, மோர், இளநீர் என்று ஏதாவது ஒன்றை மணிக்கொரு டம்ளராவது குடியுங்கள். கீட்டோன் நடுத்தரத்துக்கு மேல் காட்டினால், வாந்தி நிற்கவில்லை என்றால், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினால் காலை வரை காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்கு. சேர்ந்த முதல் வாரத்திலேயே, 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனை கல்லூரிக்கு அருகில் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினை நிறுத்தச் சொல்லும் சூரணம், லேகிய விளம்பரங்கள் முதலாண்டில் நிறையக் கண்ணில் படும். சொல்லும் நண்பருக்கு நல்ல மனசுதான். டைப் 1-இல் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போகும்.

மற்றவை சுருக்கமாக. மாலையில் கடுமையாக விளையாடினால் அன்று பின்னிரவிலும் லோ சுகர் வரலாம்; படுக்கும்முன் பார்த்துவிட்டே படுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் பல பெண்களுக்குச் சர்க்கரை ஏறும், குறித்து வைத்தால் இரண்டு மூன்று சுழற்சியில் பாங்கு தெரியும். மது: குடிக்காதே என்பதுதான் எங்கள் ஆலோசனை. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டியது, கல்லீரல் மதுவைக் கவனிக்கப் போய் இரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதைக் குறைத்துவிடும். பல மணி நேரம் கழித்து வரும் அந்த மயக்கத்தைப் போதை என்று நினைத்து நண்பர்கள் தூங்கவிட்டுவிடுவார்கள். பயன்படுத்திய ஊசிகள் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போக வேண்டும், அறைக் குப்பைக் கூடைக்குள் அல்ல. கூட்டும் அக்காவின் கையில் குத்தும்.

தேர்வு

குளுக்கோஸ், தண்ணீர், மீட்டர் உள்ளே கொண்டுபோகும் அனுமதியைத் தேர்வன்று வாசலில் கேட்டால் கிடைக்காது. பருவத் தொடக்கத்திலேயே மருத்துவக் கடிதத்தோடு முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் கடிதத்தை ஹால் டிக்கெட்டோடு வையுங்கள். பொதுத்தேர்வில் டைப் 1 மாணவர்கள் தின்பண்டம் கொண்டுசெல்ல சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்தது. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடலாம். சர்க்கரை அளவைக் காட்டும், கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் அதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாசலில் மின்னணுக் கருவி என்று நிறுத்துவார்கள். சென்சாரைப் படிக்கும் போன் உள்ளே வராது. அதனால் சாதாரண மீட்டர் அவசியம். தேர்வுப் பதற்றத்தில் காலையில் 200-க்கு மேல் காட்டினால், அதை இறக்கக் கூடுதலாகப் போட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். பதற்றம் தணியும்போது, இரண்டாம் மணி நேரத்தில் லோ சுகர் வரை இறங்கிவிடலாம்.

முதல் நீண்ட விடுமுறைக்கு வரும்போதே பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிடுங்கள். மீட்டரை அழிக்காமல் கொண்டுவாருங்கள். 300-களும் வெற்று நாட்களும் இருக்கத்தான் செய்யும். எந்தக் கிழமை, எந்த வேளை என்று பார்த்தால்தான் அளவை மாற்ற முடியும். அப்பா அம்மா வெளியே உட்காரட்டும், பிள்ளை தனியாக உள்ளே வரட்டும்.