சூடோ போட்டும் ஏன் 'அனுமதி இல்லை'?

லினக்ஸில் இடிசி அடைவில் உள்ள, கணினிப் பெயர்களுக்கான முகவரிகளைக் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒரு வரி சேர்த்துச் சேமிக்கப் போனால்தான் 'அனுமதி இல்லை' என்று நிற்கும். அந்தக் கோப்பின் அனுமதி எண் 644. உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டும். உரிமையாளர் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு. அதன் பயனர் எண் 0. உபுண்டுவில் முதலில் உருவாக்கிய கணக்கு என்றால் உங்கள் எண் 1000. இயங்குதளத்தின் மையமான கர்னல் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

ஒரு கட்டளையை ரூட்டாக ஓட்ட அதன் முன்னால் போடுவது சூடோ. அது இந்த எண்ணைத்தான் மாற்றுகிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட சிறு நிரல் அது. அதன் கோப்பில் 'செட்-யூஐடி' என்ற குறி உண்டு. அந்தக் குறி இருந்தால், இயக்குபவர் யாராக இருந்தாலும் நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியின் யோசனை இது. எவ்வளவு அழகான யோசனை! சூடோ கோப்பின் உரிமையாளர் ரூட் என்பதால், சூடோ பிறந்ததுமே ரூட்தான். பிறகு உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு, யாருக்கு என்ன அனுமதி என்று எழுதிவைத்திருக்கும் சூடோயர்ஸ் கோப்பில் உங்களுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டளையை ஓட்டுகிறது.

ஆனாலும் பலர் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கொடுத்த வரியை அப்படியே வெளியிடும் கட்டளை எக்கோ. 'சூடோ எக்கோ' என்று தொடங்கி ஒரு வரியை எழுதி, இரட்டை அம்புக்குறி (>>) போட்டு ஹோஸ்ட்ஸ் கோப்புக்குத் திருப்பினால், சூடோ போட்டும் அதே 'அனுமதி இல்லை'. காரணம், அம்புக்குறியைக் கவனிப்பது ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். சூடோ தொடங்குவதற்கு முன்பே ஷெல் அந்தக் கோப்பைத் திறக்கப் பார்க்கிறது. ஷெல்லின் எண்ணோ 1000. எக்கோவின் வெளியீட்டைக் குழாய் (|) வழியாக, வந்ததைக் கோப்பில் எழுதும் 'சூடோ டீ' கட்டளைக்கு அனுப்பினால் வேலை நடக்கும், ஏனென்றால் இப்போது கோப்பைத் திறப்பது ரூட்டாக ஓடும் டீ. பழைய வரிகள் அழியாமலிருக்க டீயோடு 'மைனஸ் ஏ' சேர்க்க மறக்காதீர்கள்.

எடிட்டரையே சூடோவில் திறக்கும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். விம் என்ற எடிட்டருக்குள்ளிருந்தே ஒரு ஷெல்லைத் திறக்கலாம். ரூட்டாக ஓடும் விம்மிலிருந்து திறந்தால் அதுவும் ரூட் ஷெல். ஒரு கோப்பைத் திருத்த மட்டும் கொடுத்த அனுமதி, மொத்தக் கணினியின் சாவியாகிவிடும். 'சூடோஎடிட்' அப்படியில்லை. கோப்பின் தற்காலிக நகலை எடுத்துத் தருகிறது. எடிட்டர் உங்கள் எண்ணிலேயே ஓடுகிறது. முடித்ததும் மாற்றத்தை மூலக் கோப்பில் சூடோ எழுதுகிறது.

சூடோயர்ஸ் கோப்புக்கு மட்டும் 'விசூடோ' என்ற தனிக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய பதிப்புகளில் அந்தக் கோப்பில் ஓர் இலக்கணப் பிழை நுழைந்தால் சூடோவே ஓடாது, பிழையை அதை வைத்துத் திருத்தவும் வழியிருக்காது. விசூடோ, இன்னொருவர் அதே நேரத்தில் திருத்தாதபடி கோப்பைப் பூட்டிக்கொள்கிறது. சேமிக்கும்போது பிழை தென்பட்டால் இடத்தைக் காட்டி, அடுத்து என்ன செய்ய என்று கேட்கும். 'ஈ' விசையை அழுத்தினால் மறுபடியும் எடிட்டருக்குள் கொண்டுபோய் விடும்.