சீதையைத் தாங்கிய சாயம்

1977இல் வந்த ‘காஞ்சன சீதா’ என்ற மலையாளப் படத்தில் சீதையாக யாரும் நடிக்கவில்லை. சி. என். ஸ்ரீகண்டன் நாயரின் நாடகத்திலிருந்து ஜி. அரவிந்தன் எடுத்த படம். உத்தரகாண்டக் கதைதான். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து சீதையைக் காட்டுக்கு அனுப்பிவிடுகிறான் ராமன். பிறகு அசுவமேத யாகத்துக்கு உட்காரும்போது பக்கத்தில் மனைவி இருந்தாக வேண்டும் என்பதால், பொன்னால் அவள் உருவத்தைச் செய்துவைக்கிறான். அரவிந்தனின் படத்தில் உண்மையான சீதை காடாகவும் காற்றாகவும் ஆறாகவும் மட்டுமே வருகிறாள். மரங்கள் அசைந்தால் அவள் அங்கே இருக்கிறாள் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அதுவரை கேரளத்துப் புராணப் படம் என்றால் கிரீடம், ஜரிகை, அரங்கத்தில் கட்டிய கயிலாயம். மெரிலேண்ட் ஸ்டுடியோ சுப்ரமணியம் எடுத்த ‘குமாரசம்பவம்’ (1969) கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதையே வாங்கியது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் ‘காஞ்சன சீதா’ வேறு கிரகத்துப் படம் போலிருக்கும். ஆந்திரத்தின் பழங்குடிப் பகுதிகளில் படப்பிடிப்பு. ராமனாகவும் லட்சுமணனாகவும் நடித்தவர்கள் தங்களை ராமனின் வழிவந்தவர்களாகக் கருதும் ராம செஞ்சு மக்கள். ஒளிப்பதிவு ஷாஜி என். கருண், இசை சரோத் கலைஞர் ராஜீவ் தாராநாத், தயாரிப்பு கொல்லத்து முந்திரி வியாபாரி ரவீந்திரநாதன் நாயரின் ஜெனரல் பிக்சர்ஸ். அந்த ஆண்டின் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அரவிந்தனுக்குக் கிடைத்தது.

தத்துவம் படித்தவர்கள் இதைப் பிரகிருதி (இயற்கை), புருஷன் (ஆன்மா) என்று விளக்குவார்கள். விளக்கட்டும். எனக்கு இதில் வேறொரு கேள்வி. காடுதான் கதாநாயகி என்றால், அந்தக் காட்டைப் பிலிம் எப்படிப் பிடித்துவைத்தது? எத்தனை நாளைக்கு அதனால் பிடித்துவைத்திருக்க முடியும்?

இலையிலிருந்து தொடங்கலாம். வெயிலில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. இலையிலுள்ள குளோரோபில் அதில் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், ஒளிச்சேர்க்கைக்கு அவை வேண்டும். நடுவிலுள்ள பச்சையை அவ்வளவாக எடுக்காது. அந்த மிச்சம்தான் இலையில் பட்டுத் திரும்பியும், இலையை ஊடுருவியும் நம் கண்ணுக்கு வருகிறது. ஆக இலையின் பச்சை ஒரு கழித்தல் கணக்கு: வெள்ளையிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் கழித்தால் பச்சை.

திரையரங்கில் ஓடும் வண்ணப் பிரிண்டும் இதே கணக்கைத்தான் போடுகிறது. புரொஜெக்டர் விளக்கு வெள்ளை ஒளியைக் கொடுக்கும். பிலிமில் மூன்று சாய அடுக்குகள். மஞ்சள் சாயம் நீல ஒளியைத் தடுக்கும். மஜந்தா பச்சை ஒளியைத் தடுக்கும். சயான் என்னும் நீலப்பச்சைச் சாயம் சிவப்பு ஒளியைத் தடுக்கும். திரையில் ஓர் இலை தெரிய வேண்டுமென்றால், பிலிமில் அந்த இடத்தில் மஞ்சளும் சயானும் அடர்த்தியாக இருக்க வேண்டும், மஜந்தா மெலிதாக இருக்க வேண்டும். பிலிமில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது. திரையில் நாம் பார்க்கும் காடு முழுவதும் மஞ்சளும் சயானும் சேர்ந்து செய்த வேலை.

இந்தச் சாயங்கள் பிலிமுக்குள் எப்படி வந்தன என்பதில்தான் பின்னால் வரும் எல்லாத் தொல்லைகளும் அடங்கியிருக்கின்றன. 1950இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் கொண்டுவந்த ஈஸ்ட்மன் கலர் முறை பிறகு உலகம் முழுவதும் பரவியது. அந்தப் பிலிமில் முதலில் சாயமே இருக்காது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்புத் துகள்களும், கப்ளர் எனப்படும் ஒரு கரிமச் சேர்மமும் ஜெலட்டினில் கலந்திருக்கும். லேபில் பிலிமைக் கழுவும்போது, ஒளிபட்ட இடத்திலுள்ள வெள்ளி உப்பை டெவலப்பர் என்னும் வேதிப்பொருள் கறுப்பு வெள்ளியாக மாற்றும். அப்படி மாற்றும்போது டெவலப்பரும் ஆக்சிஜனேற்றம் அடையும். மாறிய டெவலப்பரும் பக்கத்திலிருக்கும் கப்ளரும் சேர்ந்தால் அந்த இடத்திலேயே சாயம் பிறக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றில் எதுவும் சிவப்பில்லை, ஒன்றாக மென்றால் வாய் சிவக்கிறதே, அந்த மாதிரி. எந்த அடுக்கில் எந்தக் கப்ளர் என்பதைப் பொறுத்து மஞ்சள், மஜந்தா, சயான்.

அதற்கடுத்த படியில் வெள்ளி முழுவதையும் வெளுத்துக் கரைத்து வெளியே எடுத்துவிடுவார்கள். உலோகம் போய்விடுகிறது, எஞ்சுவது சாய மூலக்கூறுகள் மட்டும். வண்ணப்படத்தில் நாம் பார்ப்பது முழுக்கக் கரிம வேதியியல். கரிமச் சாயத்துக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது.

மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்கினால்கூடப் படம் வெளிறிப்போகும், அவ்வளவுதான். நடப்பது அப்படியில்லை. 1970களின் பிரிண்ட் பிலிமில் சயான் சாயம்தான் நோஞ்சான். இருட்டில், டப்பாவுக்குள், யாரும் தொடாமல் வைத்திருந்தாலும் அதன் மூலக்கூறுகள் வெப்பத்தால் மெல்ல மெல்லச் சிதைந்து நிறமிழக்கும். ஓட்டி ஓட்டித்தான் தேய வேண்டும் என்பதில்லை. வெப்பநிலை சில டிகிரி கூடினாலே இந்தச் சிதைவின் வேகம் மடங்குக் கணக்கில் ஏறும். மங்கிய பழைய வண்ணப் பிரிண்டுகள் எல்லாம் ஏன் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கின்றன என்றால் இதனால்தான். 1980இல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தலைமையில் திரைக்கலைஞர்கள் கோடாக்கிடம் சண்டைக்குப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் சாயம் நிலைக்கும் பிரிண்ட் பிலிம் சந்தைக்கு வந்தது. 1977இல் அச்சான பிரிண்டுகளுக்கு அதனால் என்ன லாபம்?

சயான் மட்டும் குறைந்தால் ஒரு காட்சியில் என்னென்ன மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே திடுக்கென்றது. இலை: மஞ்சளும் சயானும். சயான் போனால் மஞ்சள் மிஞ்சும், தளிரும் சருகு போல் பழுப்படிக்கும். வானம்: சயானும் கொஞ்சம் மஜந்தாவும். அது வெளிறி ரோஜா நிறத்துக்குப் போகும். மரநிழல்: இருட்டுக்கு மூன்று சாயங்களும் அடர்த்தியாக வேண்டும். ஒன்று விழுந்தால் சிவப்பு உள்ளே புகுந்துவிடும், நிழல் ரத்த நிறமாகும். ஆற்றுநீருக்கும் வானத்தின் கதியேதான்.

மனிதத் தோல்? அதில் பெரும்பங்கு மஞ்சளும் மஜந்தாவும். சயான் குறைந்தால் கொஞ்சம் சிவக்கும், ஆனால் முகம் முகமாகவே இருக்கும். பொன்? மஞ்சள் நிறைய, மஜந்தா கொஞ்சம். இந்தக் கட்டத்தில் பொன்னுக்குப் பெரிய சேதமே இல்லை. அதாவது, இந்தக் கதையை எழுபதுகளின் பிரிண்டில் ஏற்றிச் சூடான கிடங்கில் போட்டுவைத்தால் ராமன் பிழைத்துக்கொள்வான், பொற்பாவைக்குரிய மஞ்சளும் பிழைத்துக்கொள்ளும். காடாக இருக்கும் சீதை மட்டும் முதலில் போய்விடுவாள். உத்தரகாண்டத்தை வேதியியல் இரண்டாம் முறை நடத்திக்காட்டும்.

சாயம் ஒரு பக்கம் போக, அது ஒட்டியிருக்கும் தரையும் கெடும். அக்காலப் பிலிமின் அடிப்பட்டை செல்லுலோஸ் டிரைஅசிடேட். இதன் மூலக்கூறுச் சங்கிலியில் அசிட்டைல் தொகுதிகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஈரம் உள்ளே புகுந்தால் அவை ஒவ்வொன்றாகக் கழன்று அசிட்டிக் அமிலமாகும், வினிகரில் இருப்பதும் அதுதான். பிறந்த அமிலமே அடுத்த தொகுதியைக் கழற்றும் வேலையை வேகப்படுத்தும். தொடக்கத்தில் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒரு கட்டம் தாண்டியதும் சரசரவென்று முற்றும். பிலிம் சுருங்கும், நெளியும், ஒடியும், படப்பூச்சு உரியும். சாயம் மங்குவதையும் இந்த அமிலம் துரிதப்படுத்தும். டப்பாவைத் திறந்தால் புளித்த காடி நெடி மூக்கில் ஏறும். வினிகர் நோய் என்றே இதற்குப் பெயர்.

உலகில் இந்த நோயைப் பற்றிக் கோடாக்குக்கு முதல் புகார் அனுப்பியது இந்திய அரசுதான். டிரைஅசிடேட் பிலிம் 1948இல் அறிமுகமாகிப் பத்தாண்டு முடிவதற்குள், இங்கே வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்திருந்த அரசுப் படச்சுருள்கள் கெட ஆரம்பித்துவிட்டன. நம் தட்பவெப்பம் அந்த அளவுக்குச் சோதனைக்கூடம். அமெரிக்காவின் படிம நிலைப்பாட்டு நிறுவனம் போட்ட கணக்குப்படி, 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய அசிடேட் பிலிமுக்கு நோய் தொடங்கவே சுமார் 40 ஆண்டு ஆகும். ஆண்டு முழுக்க 21 டிகிரியும் 50 சதவீதமும் கேரளக் கரையோரத்தில் எந்தக் கிடங்கில் கிடைக்கும்?

இங்கே கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஒரு சலுகை உண்டு. அரவிந்தனும் ஷாஜியும் அடுத்த ஆண்டு எடுத்த ‘தம்பு’ கறுப்பு வெள்ளை. அதில் படிமம் வெள்ளி உலோகத்தால் ஆனது. அடிப்பட்டைக்கு அதே நோய் வரலாம், ஆனால் பட்டை தாங்கும்வரை வெள்ளி தன்பாட்டுக்கு இருக்கும். இதனால்தான் வசதி படைத்த ஹாலிவுட் நிறுவனங்கள் வண்ணப்படத்தையும் மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களாகப் பிரித்து, நிறத்துக்கு ஒன்றாக எடுத்துவைத்தன. அரை நூற்றாண்டு கழித்து மூன்றையும் சேர்த்தால் பழைய வண்ணம் அப்படியே கிடைக்கும். இங்கே சொந்தப் பணத்தில் கலைப்படம் எடுப்பவரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

மங்கியதை மீட்க வழி இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. ஸ்கேனர் பிலிமின் ஒவ்வொரு சட்டத்தையும் (பிரேம்) சிவப்பு, பச்சை, நீல ஒளியில் தனித்தனியாக அளக்கும். சிவப்பு ஒளியில் அளந்தால் சயான் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். பத்தில் நான்கு பங்கு மிஞ்சியிருந்தால் கணினியில் அதை இரண்டரை மடங்கு பெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் பெருக்கும்போது பிலிமின் மணிமணியான இரைச்சலும் கூடவே பெருகும். மஞ்சளும் மஜந்தாவும்கூடச் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் தடுக்கும் என்பதால் அந்தக் கலப்பையும் கழிக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால் பெருக்கிப் பயனில்லை. இலைக்கும் இலைக்கும் நடுவில் இருந்த சாய வேறுபாடே அழிந்திருக்கும், ஒட்டுமொத்தமாக ஒரு பச்சையைப் பூசலாம், காடு வராது.

அரவிந்தனின் ‘கும்மாட்டி’ (1979) இந்த வழியில் மீண்டு வந்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், ஸ்கார்செஸியின் ஃபிலிம் ஃபவுண்டேஷன், இத்தாலியின் பொலோஞா திரைக்காப்பகம் மூன்றும் சேர்ந்து 2021இல் அதைப் புதுப்பித்தன. பிரிண்டுகளை வைத்தே வேலை நடந்தது, நிறத்தைச் சரிபார்க்க ஷாஜியைக் கலந்துகொண்டார்கள். 2022இல் ‘தம்பு’ புதுப்பிக்கப்பட்டுக் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஒளிப்பதிவாளரைக் கேட்பது மரியாதைக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மங்கிய பிரிண்டில் நிறத்தின் விகிதம் மிஞ்சியிருக்கலாம், எந்தப் பச்சை என்று அது சொல்லாது. மழைக்குப் பிந்தைய பச்சையா, வெயில் ஏறிய பச்சையா என்பது படம் பிடித்தவரின் ஞாபகத்தில் இருக்கும். ஷாஜி 2025 ஏப்ரலில் காலமாகிவிட்டார்.

பழைய விநியோகஸ்தர் கிடங்குகளிலும், மூடிய தியேட்டர்களின் புரொஜெக்டர் அறைகளிலும் இன்னும் டப்பாக்கள் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், ஒன்றின் ஆவி அடுத்ததையும் கெடுக்கும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள், அமிலம் உள்ளேயே தங்கி வேகம் கூடும். வீட்டிலேயே குளிர்ச்சியான, உலர்ந்த மூலை எதுவோ அங்கே கிடைமட்டமாக அடுக்குங்கள். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நிறம் போயிருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் மட்டும் அதைப் புரொஜெக்டரில் மாட்டிவிடாதீர்கள். சுருங்கிய பிலிமின் ஓரத்துளைகள் சக்கரப் பற்களில் சரியாக உட்காராது, முதல் சுற்றிலேயே கிழிந்துவிடும்.