ஐம்பதாயிரம் குரல், ஒரே பாட்டு: எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மேடையில் இருபது பேர் சேர்ந்து பாடினாலே தாளம் தப்புகிறது. கால்பந்து மைதானத்தில் ஐம்பதாயிரம் ரசிகர்கள் எப்படி ஒன்றாகப் பாடுகிறார்கள்?"

உண்மையில் அவர்கள் ஒரே கணத்தில் பாடுவதில்லை. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆடுகளத்தின் நீளமே 100 மீட்டரை ஒட்டி இருக்கும். ஒரு கோலுக்குப் பின்னால் எழும் குரல் எதிர்க் கோலுக்குப் பின்னால் இருப்பவர் காதில் விழ ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு வரும் பாட்டில் இரண்டு தட்டுக்கு நடுவே இருப்பதே 0.5 நொடிதான். ஆக, எதிர்ப்பக்கத்துப் பாட்டு அரைத்தட்டுக்கு மேல் பிந்தி வரும்.

அப்புறம் நடப்பதுதான் அழகு. பிந்தி வரும் குரலைக் கேட்டதும், நாம் முந்திவிட்டோமோ என்று இந்தப் பக்கத்தார் சற்றே இழுப்பார்கள். அந்த இழுவை அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர்களும் இழுப்பார்கள். இப்படி மாறி மாறி இழுத்து, யாரும் சொல்லாமலே பாட்டு மெதுவாகும். சரி, மெதுவானால் என்ன லாபம்? தாமதம் அதே 0.3 நொடிதான். ஆனால் தட்டின் இடைவெளி 1 நொடியாக நீளும்போது அந்தப் பிசகு அதற்குள் அடங்கிவிடும். நீட்டிப் பாடும் நெடில் ஓசைகளில் அது காதுக்கே தெரியாது. இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ரசிகர்கள் தங்கள் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1960-களிலிருந்து பாடிவரும் 'யூ வில் நெவர் வாக் அலோன்' அப்படிப்பட்ட நிதானமான பாட்டு. சொற்கள் நெருக்கியடிக்கும் வேகப்பாட்டு என்றால் எதிர்ப்பக்கத்துக்கு வெறும் இரைச்சலாகத்தான் போய்ச் சேரும்.

கைதட்டலிலும் இதே குணம் உண்டு. ருமேனியா, ஹங்கேரி அரங்குகளில் பதிவுசெய்த கைதட்டலை அலசிய ஆய்வு ஒன்று 2000-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கூட்டம் ஒரே தாளத்துக்கு வரும்போது, ஒவ்வொருவரும் தட்டும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. வேகமாகத் தட்டுகையில் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம். மெதுவாகத் தட்டுகையில் குறைவு. அதனால்தான் சேர முடிகிறது. உற்சாகம் மிகுந்து வேகம் கூடினால் தாளம் உடைந்துவிடும். கைதட்டலுக்கெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. இத்தகைய ஆய்வுகளுக்குத் தயங்காமல் பணம் கொடுக்க வேண்டும் என்பேன். இதயத்தின் செல்கள் சேர்ந்து துடிப்பதும் இதே வகைக் கணக்குதான்.

சுருதி? அது தானாகவே சரியாகிவிடுகிறது. சிலர் மேலே போவார்கள், சிலர் கீழே இறங்குவார்கள். அத்தனையும் கலக்கும்போது காது நடுச் சுருதியைப் பிடித்துக்கொள்கிறது.

தாமதத்தைத் தாண்ட இன்னொரு வழி, கண்ணை நம்புவது. 2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்து ரசிகர்கள் கைகளை விரித்து உயர்த்தி, ஒரு தட்டு, ஒரு முழக்கம், நீண்ட மௌனம் என்று தாளம் போட்டார்கள். முன்னால் இருப்பவரின் கை அசைவை ஒளி நொடியில் சிறு துளி நேரத்தில் கொண்டுவந்துவிடும். ஒலிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முந்தைய தட்டின் ஓசை மைதானத்தைக் கடந்து அடங்கவும் அந்த மௌனம் போதும். போகப்போக வேகம் கூட்டுவார்கள். இடைவெளி சுருங்கச் சுருங்கத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கடைசியில் சாதாரணக் கைதட்டலாகக் கலைந்துவிடும்.