இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு வரும்?

மதுரையில் காலைப் பேப்பரைப் பிரித்தால் உள்ளேயிருந்து விழும் நோட்டீஸ்களில் இணைய இணைப்புக்கான ஒன்று அடிக்கடி இருக்கிறது. 100 எம்பி ஸ்பீடு, 300 எம்பி ஸ்பீடு என்று எண்கள் பெரிதாக நிற்கும். வாங்கலாமா என்று முடிவெடுக்க அந்த எண் போதாது. அது உங்கள் இணைப்புக்கு நிறுவனம் வைத்திருக்கும் மேல் வரம்பு. அதைத் தாண்டவிடாமல் அவர்களுடைய கருவி பார்த்துக்கொள்ளும். வேகம் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வீட்டு இணைப்புகளில் பொதுவாக எந்த ஏற்பாடும் கிடையாது. தெருவே வீடியோ பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு வரும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கொஞ்சம் கணக்குப் போட்டால் அதற்கு ஏறக்குறைய விடை கிடைக்கும்.

நோட்டீஸில் இருக்கும் 'எம்பி' வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதைக் குறிக்கிறது. போனிலும் கம்ப்யூட்டரிலும் ஃபைல் அளவு மெகாபைட்டில் தெரியும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே 100 எம்பி ப்ளானில் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 1 ஜிபி படம் இறங்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆனால் அந்த இணைப்பு ஒழுங்காகவே வேலை செய்கிறது.

ஃபைபர் உங்கள் வீட்டுக்கு எப்படி வருகிறது என்று பார்க்கலாம். நிறுவனத்தின் அறையிலோ, ஏரியா கேபிள்காரரின் அறையிலோ ஓஎல்டி என்ற பெட்டி இருக்கும். அதன் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரே ஒரு இழை கிளம்பி, தெருக் கம்பத்தில் கட்டியிருக்கும் ஸ்பிளிட்டருக்குப் போகிறது. கரண்டே தேவைப்படாத அந்தச் சின்னப் பெட்டி ஒளியை 32 அல்லது 64 ஆகப் பிரித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. ஜிபான் என்ற முறையில் அந்த ஓர் இழையில் வீடுகளை நோக்கி வருவது வினாடிக்கு 2.488 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் என்பது 1,000 மெகாபிட்), வீடுகளிலிருந்து திரும்பப் போவது 1.244 ஜிகாபிட். 64 வீடும் ஒரே நொடியில் முழு மூச்சாக இழுத்தால் ஆளுக்கு 39 மெகாபிட்கூட வராது. சிறிய கேபிள்காரர்கள் பலர் வைத்திருக்கும் ஈபான் முறையில் ஓர் இழைக்கு ஏறக்குறைய 1 ஜிகாபிட்தான். பங்கு இன்னும் சுருங்கும்.

இப்படிப் பங்கு போட்டு விற்பதில் தப்பில்லை. ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைக்கும் கல்யாண வீட்டார் இருநூறு பேர் உட்காரும் சாப்பாட்டுக்கூடம் உள்ள மண்டபத்தைப் பிடிப்பது போன்றதுதான் இது. வருகிறவர்கள் முன்னும் பின்னுமாக வருவதால் பந்தி நடந்துவிடும். முகூர்த்தம் முடிந்த அரை மணி நேரத்தில்தான் நெரிசல். கூடம் எத்தனை பேருக்குப் போதும் என்று மண்டபத்தை எடுத்தவர் கணக்குப் பார்த்தாரா என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

இணையத்தில் அந்த நெரிசல் பெரும்பாலும் ஸ்பிளிட்டரில் வருவதில்லை. இன்னும் ஓர் எட்டு பின்னால், ஓஎல்டி பெட்டியிலிருந்து வெளியே போகும் இணைப்பில் வருகிறது. வாடிக்கையாளர் கண்ணில் படாத இடம் அது, யாரும் கேட்காத இடமும் அதுவே. 8 போர்ட் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். போர்ட்டுக்கு 64 என்றால் 512 வீடு. அத்தனைக்கும் சேர்த்துப் பின்னால் 1 ஜிகாபிட் இணைப்பு மட்டும் இருந்தால் வீட்டுக்குச் சராசரியாக 2 மெகாபிட். அதுவே 10 ஜிகாபிட் என்றால் வீட்டுக்கு 20. எச்டி வீடியோ ஒன்றுக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். இரவில் பாதி வீடுகளில் வீட்டுக்கொரு வீடியோ ஓடினால் தேவை 1,280 மெகாபிட். முதல் பெட்டி அங்கேயே நிரம்பி வழிந்துவிடும், இரண்டாவது பெட்டியில் எட்டில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். இரண்டு கேபிள்காரரும் அடிப்பது ஒரே நோட்டீஸாக இருக்கலாம், இரண்டிலும் 100 எம்பி என்றே இருக்கலாம். அதனால்தான் அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு ப்ளான்களை ஒப்பிடுவது வீண் வேலை என்கிறேன்.

எத்தனை பேருக்கு ஒரு பங்கு என்பதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இல் ஒரு வழிகாட்டுதல் தந்தது: வீட்டு இணைப்புகளில் 50 பேருக்கு ஒரு பங்கு, வணிக இணைப்புகளில் 30 பேருக்கு ஒரு பங்கு. 100 எம்பியை 50ஆல் வகுத்தால் 2 மெகாபிட். 2023இல் மத்திய அரசு பிராட்பேண்ட் என்பதற்குக் குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து உயர்த்தி வைத்ததும் அதே 2 மெகாபிட்தான். விளம்பர எண்ணுக்கும் விதி எண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

"உங்க வீடு ரொம்பத் தள்ளி இருக்கு சார், அதான் ஸ்பீடு குறையுது" என்று சொல்வதை ஒத்தக்கடையிலும் திருமங்கலத்திலும் கேட்கலாம். பழைய தாமிரக் கம்பிக்கு அது உண்மை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் 20 மெகாபிட்டுக்கு மேல் கொடுத்த கம்பி, 5 கிலோமீட்டர் தள்ளிச் சில மெகாபிட்தான் கொடுக்கும். ஃபைபருக்கு இந்தப் பதில் செல்லாது. ஜிபான் 20 கிலோமீட்டர் வரை போகும்படி வடிவமைக்கப்பட்டது. அந்தத் தூரத்துக்குள் பக்கத்து வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரே வேகம். ஒளி பலவீனமானால், வளைந்த இழையோ அழுக்கான கனெக்டரோ இருந்தால், இணைப்பில் பிழைகள் வரும் அல்லது வீட்டில் இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து இணைப்பே போய்விடும். லைன்மேன் கையில் இருக்கும், ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டர் மைனஸ் 20ஐ ஒட்டிக் காட்டினால் நல்லது. மைனஸ் 27ஐயும் தாண்டிக் கீழே போனால் வீட்டு ஜிபான் பெட்டி தடுமாறும். வீட்டுக்கு வரும்போது அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளி சரியாக இருந்து இரவில் மட்டும் வேகம் விழுந்தால் கோளாறு உங்கள் வீட்டிலும் இல்லை, தூரத்திலும் இல்லை.

2023இல் ஜியோவும் ஏர்டெல்லும் தொடங்கிய ஏர்ஃபைபர் வேறு வகை. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வருவது 5ஜி அலை. அங்கே தூரமும் முக்கியம், டவருக்கும் மாடிக்கும் நடுவே இருக்கும் கட்டடமும் முக்கியம். அதே டவரைப் பயன்படுத்தும் போன்களோடும் பங்கு போட வேண்டும். கிராமங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கெல்லாம் ஃபைபர் கொண்டுபோவது தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்து ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்துவிட்டாலும், அங்கிருந்து வீடுகளுக்குப் போவது இழையா அலையா என்பதைப் பொறுத்தே வேகம் அமையும்.

இனி அளப்பது. வைஃபையில் போனை வைத்து அளந்து நிறுவனத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் ஒரு வீட்டில் நின்று பார்த்தால் போனில் பதினைந்து வீட்டு வைஃபை தெரியும். எல்லாம் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் உண்டு, ஆனால் தடித்த செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் தளர்ந்துவிடும்.

ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி அளக்க வேண்டும். இதில் ஓர் எண்ணை நினைவில் வையுங்கள்: 94. உங்கள் ப்ளான் 200ஆக இருந்தும் காலை, மாலை எந்நேரமும் 94ஐ ஒட்டியே நின்றால், நடுவே எங்கோ ஒரு 100 மெகாபிட் போர்ட் இருக்கிறது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் முகவரி போல ஒட்டிப்போகும் தலைப்புத் தகவலின் வழிச்செலவு போக அதில் மிஞ்சுவது அவ்வளவுதான். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில், அட்டைப்பெட்டியில் 300 என்று போட்டிருந்தாலும், போர்ட் 100தான். போர்ட் ஜிகாபிட்டாக இருந்தும் 94 வந்தால் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம்.

ஸ்பீடு டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கலாம். அப்போது அளப்பது அவர்கள் வாசல் வரை மட்டுமே. சென்னையில் வேறு நிறுவனத்தின் சர்வர் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று என்று மாற்றி அளந்தால் முழுப்படம் தெரியும். யூடியூப் தன் வீடியோக்களின் நகல்களை இணைய நிறுவனங்களுக்குள்ளேயே சர்வர் வைத்துச் சேமிப்பதால், யூடியூப் வழுக்கிக்கொண்டு ஓடி, ஆபீஸ் வேலை மட்டும் சுற்றிக்கொண்டே நிற்பதும் நடக்கும்.

ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும் பிங் எண்ணையும் பாருங்கள். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். எந்த ப்ளானாலும் இதைக் குறைக்க முடியாது. ஆனால் யாராவது போட்டோ அப்லோட் செய்யும்போது மட்டும் பிங் பல நூறாக எகிறினால், ரூட்டரில் வரிசை தேங்குகிறது என்று பொருள். வீடியோ காலில் குரல் விட்டு விட்டு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், 300 எம்பி வாங்கினாலும் தீராது.

ப்ளானை எடுக்குமுன் கேபிள்காரரிடமே கேட்கலாம்: "அண்ணே, ஒரு ஓஎல்டிக்கு எத்தனை வீடு? பின்னாடி லிங்க் ஒரு ஜிகாவா, பத்து ஜிகாவா?" தயங்காமல் பதில் சொல்கிறவரை நம்பலாம். அதே தெருவில் அதே கேபிள் எடுத்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதுக்கு அளக்கச் சொல்லிக் கேட்பது அதைவிட நல்லது. 100 எம்பி ப்ளானில் அந்நேரம் 60, 70 வந்தால் தாராளமாக எடுக்கலாம். ஏற்கெனவே எடுத்துவிட்டு அவதிப்படுகிறவர்கள், லேன் கேபிளில் அளந்த ஒரு வார இரவு எண்களைத் தேதியோடு படம்பிடித்து வைத்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்புங்கள். 2012 விதிகளின்படி அந்த ஏற்பாடு இருந்தாக வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.