ஆபரேஷனுக்கு முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிக்குதா? மூச்சை மெதுவா வெளிய விட்டா உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கலாம்

வாசகி ஒருத்தர் கேட்டிருந்தாங்க. பித்தப்பையில கல்லு, அடுத்த வாரம் லேப்ராஸ்கோப்பில எடுக்கப் போறாங்க, வாழ்க்கையிலயே முதல் ஆபரேஷன். டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லன்னுதான் சொல்றாரு, ஆனா ராத்திரி படுத்தா நெஞ்சு தடதடன்னு அடிக்குது, தூக்கம் வரல. "இந்தப் படபடப்போட போனா மயக்க மருந்து சரியா வேலை செய்யுமா? மூச்சை நல்லா இழுத்து விடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்களே, அதுல நெசமாவே ஏதாவது இருக்கா, இல்ல ஆறுதலுக்குச் சொல்றதா?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமா சொல்லிடறேன். மருந்து வேலை செய்யும். ரொம்பப் பயந்து போறவங்களுக்கு மயக்கத்துக்குக் கொண்டுபோக டோஸ் கொஞ்சம் கூடத் தேவைப்படலாம், ஆனா மயக்க டாக்டர் ஒரு ஊசியைப் போட்டுட்டு வெளிய போயிடறவர் இல்ல, ஆபரேஷன் முடியற வரைக்கும் உங்க தலைமாட்டுலயே இருந்து பல்ஸ், பிரஷர், ஆக்ஸிஜன் எல்லாத்தையும் மானிட்டர்ல பாத்துக்கிட்டே மருந்தைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டு இருப்பாரு. நடுவுல முழிப்பு வந்துடுமோங்கற பயம் நிறைய பேருக்கு இருக்கு. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2014-ல வெளியிட்டாங்க, அப்படி நினைவு வந்ததா நோயாளிகள் சொன்னது சுமார் 19,000 பேருக்கு ஒருத்தர்தான்.

இப்ப ரெண்டாவது கேள்வி. மூச்சு விஷயத்துல நெசமாவே ஒரு சங்கதி இருக்கு, எனக்கு உடம்பைப் பத்திப் படிச்சதுலயே ரொம்பப் பிடிச்ச சங்கதிகள்ல அதுவும் ஒண்ணு, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பயம் வந்தா அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமா அடிக்கும், வாய் காயும், கை சில்லுன்னு ஆகும், இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான். ஆனா பாடப்புத்தகத்துல அவ்வளவா அழுத்திச் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. இதயத்தை அடிக்க வைக்கிறது மூளை இல்ல. இதயத்தோட வலது மேல் அறைச் சுவர்ல எஸ்ஏ நோடுன்னு சின்னதா ஒரு செல் கூட்டம் இருக்கு, அது தானாவே துடிப்பைக் கிளப்பிக்கிட்டே இருக்கும். அதை அதோட போக்குல விட்டா நிமிஷத்துக்கு 100 தடவை கிட்ட அடிக்கும். அப்ப நாம சும்மா உக்காந்திருக்கும்போது 70, 75-னு இருக்கே, அது எப்படி? வேகஸ் நரம்பு அதைப் புடிச்சு வெச்சிருக்கு. சரிவுல இறங்கற வண்டிக்கு டிரைவர் பிரேக்ல லேசா கால் வெச்சுக்கிட்டே வர்ற மாதிரி, மூளைத்தண்டுலேர்ந்து கழுத்து வழியா இறங்கி வர்ற இந்த நரம்பு, நீங்க ஓய்வா இருக்கற நேரம் பூரா இதயத்தை அழுத்திப் புடிச்சுக்கிட்டேதான் இருக்கு. மாற்று இதயம் பொருத்தினவங்களுக்கு இந்த நரம்பு அறுபட்டுப் போயிடும், அதனால அவங்களுக்கு ஓய்வுல இருக்கும்போதே பல்ஸ் 90-லேர்ந்து 110 வரைக்கும் இருக்கும்.

அதாவது பயம் வந்ததும் பல்ஸ் எகிறுதே, அதுல முதல்ல நடக்கறது இந்தப் பிடி தளர்றதுதான். அட்ரினலின் ஆட்டமெல்லாம் அதுக்குப் பின்னாடி மெதுவா வர்றது.

இந்த நரம்பு இதயத்துக்கிட்ட எப்படிப் பேசுதுன்னு கண்டுபுடிச்ச கதை இருக்கே, அதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அலுக்காது. ஆஸ்திரியாவுல கிராஸ் நகரத்துல ஓட்டோ லோவின்னு ஒரு விஞ்ஞானி. நரம்புல போற மின்சாரம் நேரா இதயத்துக்குள்ள பாயுதா, இல்ல நடுவுல ஏதாவது ரசாயனம் தூது போகுதாங்கறது அந்தக் காலத்துல பெரிய சண்டை. ஒரு நாள் ராத்திரி அவருக்குக் கனவுல ஒரு சோதனை தோணுச்சு, எழுந்து துண்டுச் சீட்டுல கிறுக்கிட்டுப் படுத்துட்டாரு, காலையில பாத்தா அவர் எழுதினது அவருக்கே புரியல. அடுத்த ராத்திரி மூணு மணிக்கு அதே கனவு திரும்ப வந்துச்சு, இந்தத் தடவை எழுதிக்கிட்டு உக்காராம நேரா லேபுக்கே போயிட்டாரு. ரெண்டு தவளை இதயம், ஒண்ணுல வேகஸ் நரம்பு இருக்கு, இன்னொண்ணுல இல்ல. முதல் இதயத்தோட நரம்பைத் தூண்டினாரு, துடிப்பு குறைஞ்சுது. அந்த இதயத்துல இருந்த உப்புநீரை எடுத்து ரெண்டாவது இதயத்துல விட்டாரு. நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவாச்சு. நீருக்குள்ள ஏதோ ஒரு பொருள் இருக்குன்னு முடிவாச்சு, 1921-ல வெளியிட்டாரு. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936-ல இங்கிலாந்து விஞ்ஞானி ஹென்றி டேலோட சேத்து அவருக்கு நோபல் கிடைச்சுது. 1938-ல நாஜிகள் யூதர்ங்கறதுக்காக அவரைச் சிறையில போட்டு, அந்தப் பரிசுப் பணத்தையும் புடுங்கிக்கிட்டுதான் நாட்டை விட்டு வெளிய விட்டாங்க, அதை நெனைச்சா இப்பவும் மனசு கொதிக்குது.

சரி, அந்த அசிட்டைல்கோலின் என்ன பண்ணுது? எஸ்ஏ நோடு செல்லோட உள்பக்கம் மைனஸ் மின்னழுத்தத்துல இருக்கும், அது கொஞ்சம் கொஞ்சமா தானாவே ஏறி ஒரு அளவைத் தொட்டதும் துடிப்பு கிளம்பும், திரும்ப இறங்கும், திரும்ப ஏறும். அசிட்டைல்கோலின் வந்து ஒட்டினதும் செல் சுவர்ல பொட்டாசியத்துக்குன்னு இருக்கற கதவுகள் திறக்குது, பிளஸ் சார்ஜ் உள்ள பொட்டாசியம் வெளிய ஓடிப்போகுது, செல் இன்னும் மைனஸுக்கு இறங்கிடுது. இப்ப அது மேல ஏறி வர்றதுக்குக் கூட நேரம் ஆகும்ல, அவ்வளவுதான், அடுத்த துடிப்பு தள்ளிப்போகுது.

இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமானது வேகம். இந்தக் கதவு கிட்டத்தட்ட உடனே திறக்கும், அசிட்டைல்கோலினை உடைக்கற என்ஸைமும் பக்கத்துலயே இருக்கறதால உடனே காலியும் ஆயிடும். ஒண்ணு ரெண்டு துடிப்புக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அட்ரினலின் பக்கம் அப்படி இல்ல, அது செல்லுக்குள்ள பல படி தாண்டி வேலை செய்யணும், ஆரம்பிக்கவே சில செகண்டு ஆகும், ரத்தத்துலேர்ந்து போறதுக்கு நிமிஷக் கணக்காகும். அதனாலதான் "பயப்படாத"ன்னு யாராவது சொன்னதும் படபடப்பு டக்குனு நிக்க மாட்டேங்குது, ஏற்கனவே ரத்தத்துல கலந்தது கரைஞ்சு தீரணும். ஆனா வேகஸை ஒரே மூச்சுக்குள்ள கூட்டவும் முடியும் குறைக்கவும் முடியும்.

மூச்சு உள்ள வர்ற இடம் இதுதான். மூச்சை உள்ள இழுக்கும்போது மூளைத்தண்டுல இருக்கற சுவாச மையம் பக்கத்துல இருக்கற வேகஸ் செல்களை அடக்கி வெச்சுடும், இதயம் கொஞ்சம் வேகமாகும். வெளிய விடும்போது அந்த அடக்கம் விலகும், வேகஸ் பேச ஆரம்பிக்கும், இதயம் மெதுவாகும். இதை 1847-லயே கார்ல் லுட்விக்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி பதிவு பண்ணியிருக்காரு. நீங்களும் இப்பவே மணிக்கட்டுல விரலை வெச்சுப் பாருங்க, மெதுவா மூச்சு விடும்போது ரெண்டு துடிப்புக்கு நடுவுல இடைவெளி கூடறது நிறைய பேருக்குக் கைக்கே தெரியும். இளவயசுக்காரங்களுக்கு நல்லா தெரியும், வயசாக ஆகக் குறையும், அதுல கவலைப்பட ஒண்ணுமில்ல.

இதயத்தைப் பாத்து "மெதுவா அடி"ன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா மூச்சை நீளமா வெளிய விட முடியும், விடற நேரம் நீண்டா வேகஸுக்குக் கிடைக்கற நேரமும் நீளுது. நாலு செகண்டு இழுத்து ஆறு செகண்டு விட்டா நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும், அந்த வேகத்துல ரத்த அழுத்தத்தைச் சரிபண்ற ரிஃப்ளெக்ஸோட தாளமும் சேந்துக்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு கூட்டி விடும். பயம் சுத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேன். உடம்பு அடங்கும், உடம்பு அடங்கினா மனசு கொஞ்சம் யோசிக்கற நிலைக்கு வரும். அது போதும்.

இத்தாலிக்காரங்க குழு ஒண்ணு 2001-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 23 பேரை ஜெபமாலை ஜெபத்தை லத்தீன்ல சொல்ல வெச்சாங்க, திபெத்திய பௌத்த மந்திரத்தையும் சொல்ல வெச்சாங்க. ரெண்டுலயும் மூச்சு தானாவே நிமிஷத்துக்கு 6 கிட்ட வந்து நின்னுது. காரணம் எளிமைதான், பேச்சு வெளிய விடற மூச்சுலதான் நடக்குது, நீளமான வரியை ஒரே மூச்சுல சொன்னா வெளிமூச்சு தானா நீளும். அதனால ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி வீட்டுல பெரியவங்க நிதானமா பாராயணம் பண்றதையோ துஆ ஓதறதையோ ஜெபம் பண்றதையோ நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன், அது நெஜமாவே இதயத்துக்குள்ள வேலை செய்யுது. நம்பிக்கை இல்லாதவங்க பிடிச்ச பாட்டை மெதுவா முணுமுணுக்கலாம்.

ஆனா இன்னொண்ணும் சொல்லியாகணும். குடல்வால் வீங்கி இன்னிக்கே எடுக்கணும்னு டாக்டர் சொல்லும்போது அஷ்டமி நவமி கழியட்டும், ராகு காலம் தாண்டட்டும்னு உக்காந்திருக்கறது உயிரோட விளையாடறது. குடல்வால் வெடிச்சு சீழ் வயிறு பூரா பரவறதுக்கு நாள் நட்சத்திரம் தெரியாது. சாமி கும்பிடுங்க, விபூதி பூசிக்கிட்டுப் போங்க, நேரத்தைத் தள்ளாதீங்க.

மூச்சை வெச்சு ஒரு மாத்திரை விக்க முடியாது, அதனாலயே இந்த மாதிரி விஷயத்தைப் பெரிய அளவுல சோதிச்சுப் பாக்க யாரும் பணம் போட முன்வர மாட்டாங்க. அரசாங்கக் காசு இங்கதான் வரணும்னு நான் நெனைக்கறேன். நம்ம மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல தினமும் எத்தனை பேர் ஆபரேஷனுக்காக வரிசையில படுத்திருக்காங்க, ஒரு நர்ஸும் ஒரு கடிகாரமும் இருந்தா போதும், தமிழ்லயே சொல்லிக் குடுத்து யாருக்கு எவ்வளவு உதவுதுன்னு பாத்துடலாம். லோவிக்கு ஆன செலவு ரெண்டு தவளைதான்.

செய்யும்போது ரெண்டு எச்சரிக்கை. பயத்துல பெருசு பெருசா வேகமா இழுத்து விடாதீங்க. அப்படிச் செஞ்சா ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சு மூளைக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கும், தலை சுத்தும், உதடும் விரலும் மரத்த மாதிரி ஆகும், இது ஹார்ட் அட்டாக்கோன்னு பயம் இன்னும் கூடும். அளவா இழுங்க, நீளமா விடுங்க, முக்கியம் வெளிய விடறதுதான். ரெண்டாவது, ஊசியையோ ரத்தத்தையோ பாத்தாலே மயங்கி விழற ஆளுங்களுக்கு இது பொருந்தாது. அவங்களுக்கு அந்த நேரத்துல வேகஸ் அளவுக்கு மீறி அழுத்தி பல்ஸும் பிரஷரும் சரிஞ்சுதான் மயக்கமே வருது. அவங்க நர்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு, படுத்துக்கிட்டு வென்ஃப்ளான் (மருந்து ஏத்தறதுக்காக நரம்புல போடற சின்னக் குழாய்) போட்டுக்கணும், ஊசி போடற கையைத் தளர விட்டு, தொடை கால் தசையை இறுக்கி இறுக்கி விடணும், அப்ப பிரஷர் இறங்காது.

மத்ததை வேகமா சொல்லிடறேன். முதல் ஆபரேஷன் போறவங்களை ரொம்பக் கலவரப்படுத்தறது, ஆள் மாத்தி ஆள் வந்து "உங்க பேர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்"னு கேக்கறது. இவங்களுக்கே தெரியலியோன்னு தோணும். அது உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டுவந்த பாதுகாப்புச் செக்லிஸ்ட்டோட வேலை. டெல்லி உட்பட எட்டு நகரத்துல அதைச் சோதிச்சு 2009-ல வெளியிட்டாங்க, ஆபரேஷனுக்கு அப்புறமான இறப்பு 1.5 சதவீதத்துலேர்ந்து 0.8-ஆ குறைஞ்சுது. கேக்கக் கேக்கச் சலிக்காம பதில் சொல்லுங்க.

வெறும் வயிறுன்னு சொன்னா வெறும் வயிறுதான். மயக்கத்துல தொண்டையோட தற்காப்பு போயிடும், வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள இறங்கினா ஆபத்து. பொதுவா சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணிக்கு 2 மணி நேரம் இடைவெளி வேணும்னு சொல்வாங்க, உங்க டாக்டர் சொல்ற கணக்கையே வெச்சுக்கோங்க. பால் டீ தண்ணிக் கணக்குல வராது, பாவம்னு யாராவது ஒரு வாய் குடுத்தாலும் வாங்காதீங்க, குடிச்சிருந்தா மறைக்காதீங்க. பிபி, சுகர் மாத்திரையில எதை அன்னிக்குக் காலையில போடணும், எதை நிறுத்தணும்னு, ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் பாக்கப் போறப்பவே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஆடற பல்லு, பல் செட்டு, குறட்டை, பழைய அலர்ஜி எல்லாம் அவர்கிட்ட சொல்லிடுங்க.

பயமா இருக்குன்னும் சொல்லுங்க. அதுக்குன்னே மருந்து இருக்கு, முந்தின ராத்திரி ஒரு மாத்திரை குடுக்கலாம், தியேட்டருக்குள்ள மிடாசோலம் கொஞ்சம் போட்டா பதட்டம் தணியறதோட, போட்டதுக்கு அப்புறம் நடக்கறது பெரும்பாலும் நினைவுலயே தங்காது. அப்புறம் மூக்கும் வாயும் மூடற மாதிரி மாஸ்க் வைப்பாங்க, அதுல மூச்சு முட்டிடுமோன்னு பயந்துக்கறவங்க நிறைய. முதல்ல வர்றது வெறும் ஆக்ஸிஜன்தான், நுரையீரல்ல இருக்கற நைட்ரஜனை வெளியேத்திட்டு ஆக்ஸிஜனை நிரப்பி வெச்சுக்கறாங்க, தொண்டையில குழாய் போடற நேரத்துக்கு அது கையிருப்பு. அதுக்கு மூணு நிமிஷம் கிட்ட ஆகும், அந்த நேரம் பூரா நாலு இழுத்து ஆறு விடற கணக்கை ஓட்டிக்கிட்டே இருக்கலாம்.